உதவி வந்து சேரும் வரை

திருவண்ணாமலையிலிருந்து எந்தச் சாலையில் சைக்கிளை விட்டாலும் மலை கூடவே வரும். செங்கம் சாலையில் போகும்போது முதுகுக்குப் பின்னால், வேட்டவலத்திலிருந்து திரும்பும்போது நெற்றிக்கு நேரே. உயரம் 814 மீட்டர்தான்; சுற்றிலும் தரை தட்டையாகக் கிடப்பதால் வெகுதூரம் போனாலும் கண்ணை விட்டு அகலாது. இந்த ஊர்ச் சைக்கிள்காரர்களுக்கு அது பெரிய தைரியம். ‘மலைதான் தெரியுதே’ என்று தண்ணீர்ப் பாட்டில்கூட எடுக்காமல் கிளம்பிவிடுவோம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் சாத்தனூர் அணையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தண்டராம்பட்டுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கையில் பின்சக்கரம் இறங்கியது. பையில் புது டியூப் இருந்தது, டயர் லிவர் இருந்தது, பம்ப்பும் இருந்தது. ஆனால் பம்ப்பின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கு ஏற்றது. என் டியூபிலோ மெல்லிய பிரெஸ்டா வால்வு. இரண்டையும் பொருத்தி வைக்கும் பித்தளை அடாப்டர், சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாதது, வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பத்தரை மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. பதினொன்றரை மணிக்குச் சட்டையில் உப்புப் பூத்து, காதுக்குள் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. வயலில் இருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, ‘ஏம்ப்பா, இந்த வெயில்ல எங்க நடந்து போற?’ என்று பம்புசெட்டடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். அரை மணி நேரம் வேப்பமர நிழலில் கிடந்த பிறகுதான் எழ முடிந்தது.

பஞ்சரால் யாரும் சாவதில்லை. பஞ்சருக்குப் பிறகு வெயிலில் நடக்கும் இரண்டு மணி நேரம் ஆளைச் சாய்த்துவிடும். சைக்கிள் பயணத்தில் ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சிறு பழுது ஒன்று நேரத்தைத் தின்கிறது. அந்த நேரத்துக்குள் வெயிலோ, இருட்டோ, மழையோ, லாரியோ வந்து சேர்கிறது. சைக்கிளில் கட்டிச் செல்லும் அவசரப் பையில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்தக் கோணத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று அன்று முதல் நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் பதில்கள் மூன்று வகை. முதல் பதில் ராணுவத்திலிருந்து வந்தது. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவில் பணியாற்றிய ஜான் வைஸ்மன் 1986இல் வெளியிட்ட உயிர்பிழைப்புக் கையேடு, ஒரு புகையிலை டப்பாவுக்குள் அடங்கும் பெட்டியை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது. தூண்டில் முள், கண்ணிக் கம்பி, தீத்தட்டும் கல், மெழுகுவத்தி, திசைகாட்டி என்று போகும் அந்தப் பெட்டி, காட்டில் தொலைந்து பல நாள் தனியாகப் பிழைக்க வேண்டியவருக்கானது. இன்று ‘சர்வைவல் கிட்’ என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள். போளூர் சாலையில் நிற்கும் சைக்கிள்காரருக்கு மீன் பிடிக்கத் தேவையில்லை; இரண்டு கிலோமீட்டரில் டீக்கடை இருக்கிறது. அந்த டப்பாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று வேலை செய்ய வேண்டும் என்ற கண்டிப்பு.

இரண்டாவது பதில் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்திலிருந்து வருகிறது. 1913 டூர் டி பிரான்ஸ் போட்டியில் பைரனீஸ் மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃபின் சைக்கிள் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து மலையடிவாரக் கிராமத்துக்கு நடந்து, அங்கிருந்த கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே ஃபோர்க்கைப் பற்றவைத்தார். பட்டறைப் பையன் ஒருவன் துருத்தி ஊதிவிட்டான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள். போட்டியின் அந்தக் கடுமை பின்னாளில் தளர்ந்தது. ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் மரபை ராண்டனர் எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள் காப்பாற்றிவருகின்றன. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய, பி.ஆர்.எம். என்ற ராண்டனர் பயணங்கள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நடக்கின்றன. பின்தொடரும் வண்டி கூடாது; இரவில் விளக்கும் ஒளி திருப்பும் மேலங்கியும் கட்டாயம். வழியில் உள்ள கடையில் எல்லோரையும் போல எதை வாங்கவும் பழுதுபார்க்கவும் தடையில்லை. அதாவது, தற்சார்பை இவ்வளவு வலியுறுத்தும் விதிகூட ஊர்க் கடையை விலக்கவில்லை.

மூன்றாவது பதில் நம்முடையது. ஒன்றுமே எடுத்துப்போவதில்லை. மூலைக்கு மூலை சைக்கிள் கடை இருந்த காலத்தில் அதில் தவறும் இல்லை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஊர் ஊராகப் பரவின. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு டியூப், ஒரே வால்வு, ஒரே ஸ்பானர். எந்த ஊர்க் கடைக்காரரும் எந்த வண்டியையும் அவிழ்த்து மாட்டுவார். இன்று வண்டி மாறிவிட்டது. கடைகளில் பாதி மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகளாகிவிட்டன. நாம் கிளம்பும் விடிகாலை ஐந்து மணிக்கு அவையும் திறந்திருப்பதில்லை.

மூன்று பதிலையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது: விபத்து நேர்ந்த இடத்துக்கு உதவி வந்து சேர எவ்வளவு நேரமாகும்? மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஐந்து நிமிடம். திருக்கோவிலூர், அவலூர்பேட்டை சாலைகளில் பகலில் கால் மணி. அதே சாலையில் நள்ளிரவில் ஒரு மணி நேரம் ஆகலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம். நம் பை நிரப்ப வேண்டியது இந்த இடைவெளியைத்தான். நான் கட்டும் பை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. ஜவ்வாதுக்கு என்றால் இன்னொரு கால் கிலோ.

முள்ளும் காற்றும்

இந்த மாவட்டத்தில் டயரின் எதிரிகள் இருவர். சாலையோரப் புதரிலிருந்து ஒடிந்து விழும் சீமைக் கருவேல முள், வேலிகாத்தான் என்று நாம் சொல்வது, விரல் நீளம் இருக்கும். டயரையும் டியூபையும் ஒரே குத்தில் துளைத்து, சில சமயம் டியூபின் மறுபக்கமும் வெளியே வந்துவிடும். மற்றது நெருஞ்சி. மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படர்ந்து கிடக்கும் இந்தச் செடி அமெரிக்காவுக்குப் போய்ப் பரவியபோது அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பஞ்சர் கொடி’. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி அதன் காய் அமைந்திருக்கிறது. வண்டியை மண்பாதையோரம் சாய்த்துவிட்டு டீ குடித்து வந்தால் டயரில் நாலைந்து ஒட்டியிருக்கும். புறப்படுமுன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் எந்தக் கருவியைவிடவும் பெரியது.

இங்கே ஒரு வால்வுப் பாடம் அவசியம். எத்தனை பேர் இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய ஹெர்குலிஸ் வகை வண்டிகளில் இருப்பது வுட்ஸ் வால்வு. உள்ளே சிறு ரப்பர்க் குழாய், நம் ஊர்ப் பேச்சில் ‘வால்டியூப்’. அந்த ரப்பர் வெடித்தால் டியூபில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கும். இரண்டு அங்குல வால்டியூப் பையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கியர் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற ஷ்ரேடர் வால்வோ, மெல்லிய பிரெஸ்டா வால்வோ இருக்கும். வுட்ஸுக்கும் ஷ்ரேடருக்கும் ரிம்மில் சுமார் 8 மில்லிமீட்டர் துளை, பிரெஸ்டாவுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். பிரெஸ்டா ரிம் கொண்டவர் கிராமத்துக் கடையில் கிடைக்கும் டியூபை வாங்கினால் வால்வு துளைக்குள் நுழையாது. ஷ்ரேடர் ரிம் என்றால் வழியுண்டு. ஊர்ச் சைக்கிளின் 28 அங்குல ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், கியர் சைக்கிளின் 700சி ரிம் 622. வேறு வழியில்லாத நேரத்தில் அந்தப் பெரிய டியூபைச் சற்றுச் சுருக்கி உள்ளே அமர்த்தி வீடு வந்து சேரலாம்.

ஆகவே பையில் முதலில் போக வேண்டியவை: உங்கள் சக்கரத்துக்கான டியூப் ஒன்று, ஜவ்வாதுக்கு இரண்டு. இரண்டு டயர் லிவர், சிறு கைப்பம்ப், பஞ்சர் ஒட்டும் சொலூஷனும் ஒட்டுத்துண்டும், உப்புத்தாள் துண்டு. பிரெஸ்டாக்காரர்களுக்கு அந்தப் பித்தளை அடாப்டர் கட்டாயம். அது இருந்தால் வழியில் உள்ள எந்த மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையின் கம்ப்ரஸரும் நம்முடையதாகிவிடும். கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பலர் விரும்புகிறார்கள். 16 கிராம் குப்பி ஒன்று மெல்லிய டயரை நொடிகளில் நிரப்பும். ஆனால் ஒரு குப்பி ஒரு முறைக்குத்தான், அந்த வாயுவும் டியூப் ரப்பர் வழியே காற்றைவிட விரைவாகக் கசிந்து வெளியேறும். முள் மலிந்த நாட்டில் கைப்பம்ப்பையே நம்புகிறேன். அது தீர்ந்துபோகாது.

டயரே கிழிந்துவிட்டால் என்ன செய்வது? பழைய டயரிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிய துண்டை உள்பக்கம் வைத்துத் தாங்கு கொடுத்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட ஓடும். அதுவும் இல்லையென்றால் பத்து ரூபாய் நோட்டை மடித்து வைக்கலாம். நம் நோட்டுத்தாள் பருத்தியால் ஆனது, எளிதில் கிழியாது. பழைய டியூபை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டிச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கேரியரில் மூட்டை கட்ட நம் ஊர் ஆள்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் பொருள் அது. கழன்ற மட்கார்டைக் கட்டும், ஒடிந்த கேரியரைத் தாங்கும், காயத்தின் மேல் வைத்த துணி நழுவாமல் பிடிக்கும். வைஸ்மனின் டப்பாவில் இதைப் போலப் பல வேலை செய்யும் பொருள் வேறு இருக்குமா என்று தோன்றவில்லை.

கியர் வண்டி என்றால் செயினை அறுத்து இணைக்கும் சிறு கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் ஒரு குவிக் லிங்க், ஆலன் கீ தொகுப்பு. கீழே விழுந்து பின்கியர் வளைந்துபோனால் செயினைச் சுருக்கி ஒரே கியர் வண்டியாக்கி ஓட்டிவரலாம். இதை ஒரு முறையேனும் வீட்டு வாசலில் செய்து பழகியிருக்க வேண்டும். ஊர் வண்டி என்றால் ஒரு ஸ்பானர், ஒரு செயின் லாக், அவ்வளவே.

வெயில்

வடமாவட்டங்களின் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பாறையும் தாரும் சேர்ந்து சாலையை அதற்கும் மேலே கொதிக்க வைக்கின்றன. ஓடும்போது காற்று வியர்வையை உலர்த்துவதால் சூடு தெரியாது. பஞ்சராகி நிற்கும்போதுதான் உடம்பு கொதிக்கத் தொடங்குகிறது. அதனால் சாலையோரத்து மரநிழல் வரை வண்டியை உருட்டிப்போய்த்தான் பழுதுபார்க்க வேண்டும். டயர் கெடுமே என்று யோசிக்க வேண்டாம்.

வெயிலில் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு சர்க்கரைக் கரைசலின் கதை இந்த மண்ணோடு சேர்ந்தது. 1971 வங்கப் போரின்போது எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். மறைவுக்குப் பிறகு 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொடி 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. இங்கேதான் சைக்கிள்காரர்கள் தவறு செய்கிறார்கள்: நம் பாட்டில் அரை லிட்டரோ முக்கால் லிட்டரோதான். முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் கரைசல் அடர்ந்து, நன்மைக்குப் பதில் கெடுதலாகும். 200 மில்லிலிட்டருக்கான சிறு பாக்கெட்டுகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. பைக்கு அவையே பொருத்தம். பழச்சாறு போன்ற இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரை ஒட்டிக்கொண்டு விற்கப்பட்டதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எதுவும் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

நண்பர் ஒருவர் உளறத் தொடங்கினால், கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னால், அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. உடனே நிழல், உடனே தலையிலும் உடம்பிலும் தண்ணீர், விசிறல், 108 ஆம்புலன்ஸ். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடாமல் மிதித்தால் உடம்பின் சர்க்கரைச் சேமிப்பு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிடும். திடீரெனக் கால் துவளும், கண் இருட்டும். சாக்லேட் இந்த வெயிலில் உருகி ஒழுகும். கடலை மிட்டாய் உருகாது, கெடாது, ஐந்து ரூபாய்க்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வெல்லமும் நிலக்கடலையும் சேர்ந்த அதை நம் ஊர்ச் சைக்கிள்காரருக்கென்றே செய்தது போலத்தான் எனக்குப் படுகிறது. இரண்டு பட்டை எப்போதும் பையில் இருக்கும்.

கடி, காயம்

விடிகாலைச் சாலையில் தெருநாய்கள் கூட்டமாக இருக்கும். துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பதைவிட, நின்று இறங்கி வண்டியை நமக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொள்வது நல்லது. ஓடாத ஆளைப் பெரும்பாலான நாய்கள் விட்டுவிடும். கடித்துவிட்டால் பையில் உள்ள மிக மலிவான பொருள் மிகப் பெரிய மருந்தாகிறது. அது ஒரு துண்டு சோப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அடிபம்போ பம்புசெட்டோ தேடிப்போய்க் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் வரும்வரை தென்னாட்டில் நாய் கடித்தவர் தடுப்பூசிக்காக இமயமலைப் பக்கத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று அது பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. அறிகுறி தோன்றிய பின் ரேபிஸிலிருந்து பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால், சிறு கீறல் என்று யாரும் அலட்சியமாக விடக் கூடாது.

பாம்புக்கடிக்கென்று ‘உறிஞ்சும் குழல்’ விற்கிறார்கள். வாங்காதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மாற்றுமருந்து மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கான நஞ்சைப் பல ஆண்டுகளாகத் திரட்டித் தருவது, 1978இல் தொடங்கி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கால் அசையாமல் வைத்து விரைந்து கொண்டுபோவதே முதலுதவி. இதற்குப் பையில் ஒன்றும் தேவையில்லை; நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல ஆள்தான் தேவை.

விழுந்து சிராய்ப்பது அன்றாட விஷயம். நல்ல தண்ணீரால் மணலும் தாரும் போகக் கழுவுவது முதல் வேலை, பொவிடோன் அயோடின் அதற்குப் பிறகு. ஐந்தாறு கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, நாலு பாரசிட்டமால், தேனீயோ குளவியோ கொட்டினால் உதவும் ஒவ்வாமை மாத்திரை, அன்றாடம் மருந்து சாப்பிடுபவர் என்றால் அதில் ஒரு நாளுக்கானது. பெண்கள் வைத்திருக்கும் நாப்கினை அவசரத்தில் இரத்தம் உறிஞ்சும் துணியாக வைத்து மேலே அழுத்திக் கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துண்டு. ஆம், நம் தோள் துண்டு. மேல்நாட்டு முதலுதவிப் பெட்டிகளில் முக்கோணக் கட்டுத்துணி என்று தனியாக ஒன்று வைத்திருப்பார்கள். ஈரிழைத் துண்டை மூலைவாட்டில் மடித்தால் அதே வேலையைச் செய்யும்: ஒடிந்த கைக்குத் தூளி, பீறிடும் இரத்தத்துக்கு அழுத்தக் கட்டு, வெயிலில் நனைத்துத் தலைக்கு, இரவுக் குளிரில் காதுக்கு.

தமிழ்நாட்டில் 2022இல் பதிவான சாலை விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். லாரி இடித்த பிறகு எந்தப் பையும் பெரிதாக உதவாது. அங்கே தேவைப்படுவது தகவல். பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் இரண்டு ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹெல்மெட்டுக்குள் ஒன்று, பையில் ஒன்று வையுங்கள். செல்போன் உடைந்தாலும் சீட்டு பேசும். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவை இன்று சிற்றூருக்கும் வருகிறது. மைல்கல் எண்ணையோ பக்கத்து ஊர்ப் பெயரையோ சொல்லத் தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும், வெளிநாட்டவர் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி உண்டு. தெரியாதவரைத் தூக்கிப்போய்ச் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் இனி வேண்டாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கிறது. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைச் சைக்கிளில் சுற்றும் வெளியூர்க்காரர்களுக்கு, வண்டி தருபவர்கள் இந்த இரண்டு செய்தியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இருட்டு, மழை

ஜவ்வாது மலையின் காவலூரில் வானியலாளர்கள் தொலைநோக்கி நிறுவியது அங்கே விளக்கொளி குறைவு என்பதால்தான். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அந்த இருட்டை நம்பி இயங்குகிறது. அதே இருட்டில் வளைவில் இறங்கும் சைக்கிளை எதிரே வரும் ஜீப் காணாது. பகல் பயணம் என்று கிளம்பினாலும் சிவப்புப் பின்விளக்கும் சிறு முன்விளக்கும் பையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு பஞ்சர் போதும், பகல் இரவாகிவிட. ஒரு விசிலும். பள்ளத்தில் விழுந்தவரின் குரல் பத்து நிமிடத்தில் கம்மிவிடும். விசில் வெகுநேரம் ஒலிக்கும்.

மழைக்கு என்னிடம் நீண்ட பட்டியல் இல்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, செல்போனுக்கு ஜிப் கவர். மற்றது விவேகம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டு அருகே புதுப் பாலமே போனது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது முழங்கால் அளவுதானே என்று சைக்கிளை இறக்கக் கூடாது. திரும்பி வரவும் வழியில் ஓர் இரவு தங்கவும் கையில் பணம் இருக்கட்டும்.

பணம் என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒரு பயணம் நினைவுக்கு வருகிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று பதினாறு வயது வேங்கடராமன் மூன்று ரூபாயோடு மதுரையிலிருந்து அண்ணாமலை நோக்கிப் புறப்பட்டார். ரயில் வழியைச் சரியாகக் கணிக்காததால் மாம்பழப்பட்டில் கைப்பணம் தீர்ந்தது. அங்கிருந்து அறையணிநல்லூர், கீழூர் என்று பசியோடு நடந்தார். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதுக் கடுக்கனை வைத்து நான்கு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 அன்று ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. அந்தப் பயணத்தின் ஆன்மிகப் பொருளைப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் காதில் இருந்த கடுக்கனும் திண்ணை தந்த ஒரு குடும்பமும் சேர்ந்துதான் அன்று வழியில் விழுந்த இடைவெளியைக் கடக்க உதவின என்பதை இந்தச் சாலைகளில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நம் கடுக்கன் இன்று சீட்டுக்கடியில் மடித்து வைத்த ஐந்து நூறு ரூபாய்த் தாள். சிக்னல் இல்லாத மலையில் ஜிபே வேலை செய்யாது.

கை பழக்கம்

பையைவிடக் கை முக்கியம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றினார்கள். இப்போது அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருகிறது. பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் செயின் மாட்டவும் ஒரு மணி நேர வகுப்பு அதோடு சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாலையில் பள்ளி விட்டு வரும் பெண், இறங்கிய டயரோடு இருட்டும்வரை நடக்கக் கூடாது. செய்முறை எளிது: ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் சுரண்டுவது, சொலூஷனை மெல்லப் பூசி ஈரம் போகும்வரை ஐந்து நிமிடம் பொறுப்பது, பிறகு ஒட்டை வைத்து அழுத்துவது. அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டியவைதான் கழன்றுவரும். ஒட்டி முடித்ததும் டயரின் உள்பக்கம் விரலால் தடவி, குத்திய முள்ளை எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். இதை மறந்து, மாற்றிய டியூபை அதே முள்ளில் மறுபடி பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

கட்டிவைத்த பை அப்படியே இருப்பதும் இல்லை. ஒருமுறை திறந்த சொலூஷன் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். சீட்டுக்கடியில் வெயில் பட்டு ஒட்டுப்பட்டையின் பசை இளகும், மாத்திரை காலாவதியாகும், மழைக்காலத்தில் ஆலன் கீ துருவேறும், விளக்கின் சார்ஜ் தானாக இறங்கும். திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தேதி நினைவில் வைக்க ஒரு வசதி உண்டு. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் எப்படியும் சைக்கிள் ஓட்ட முடியாது. அன்று மாலை வாசலில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பையைக் கொட்டுகிறேன். போன பௌர்ணமிக்குச் சொலூஷன் குழாய் கல்லாகியிருந்தது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று ஓரம் கிழிந்து டியூபெல்லாம் பொடி. டியூபைத் துடைத்து முகப்பவுடர் தூவி மடித்தேன். பித்தளை அடாப்டர் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கடலை மிட்டாயை மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துத் தின்றுவிட்டான். காலையில் இரண்டு வாங்க வேண்டும்.